நீர் புகாது, சரி; உப்பைத் தாங்குமா?

பள்ளி விடுமுறைக்குத் தெலுக் பாத்திக்கோ பங்கோரோ போகும் மாணவர்களில் சிலருக்கு இப்போது ஒரு புது ஆசை வந்திருக்கிறது. உலோகக் கண்டறி கருவி ஒன்றை வாங்கி, ஈர மணலில் மோதிரம் தேட வேண்டும். யூடியூப் தந்த ஆசைதான், தவறில்லை. படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டலைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால், சேர்த்து வைத்த அங்பாவ் பணத்தை இணையக் கடையில் கொட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு கருவி கடற்கரைக்கு ஏற்றதாகிவிடாது.

கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு நாணயம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது உண்டாக்கும் சிறு காந்தப்புலத்தை மற்றொரு சுருள் உணர, கருவி ஒலிக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதிதான்.

கவனியுங்கள், இந்த விளக்கத்தில் ‘உலோகம்’ கட்டாயமில்லை. மின்சாரத்தைக் கடத்தும் எதிலும் சுழல் மின்னோட்டம் எழும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதன் அயனிகள் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். அதனால், அலை நனைத்த மணல் முழுவதும் கருவிக்கு ஒரு பெரிய, மங்கலான தகடு போலத் தெரிகிறது. தட்டை வீசும்போதெல்லாம் கத்துகிறது. இன்னும் மோசம், உப்பின் சமிக்ஞை அலுமினியத் தாளின் சமிக்ஞையைப் போலவும், மெல்லிய தங்கச் சங்கிலியின் சமிக்ஞையைப் போலவும் இருக்கும். உப்பைப் புறக்கணிக்கும்படி கருவியை அமைத்தால் சங்கிலியும் சேர்ந்து மறைந்துபோகும்.

பேராக்காரர்களான நமக்கு அமாங் தெரியும். ஈயலம்பங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனமான கருமணல் அது. இல்மனைட் போன்ற இரும்பு கலந்த கனிமங்கள் அதில் உண்டு. சில கடற்கரைகளிலும் இத்தகைய கருமணல் கோடு கோடாகப் படிந்திருக்கும். இரும்புக் கனிமம் தரும் சமிக்ஞையும் உப்பு தரும் சமிக்ஞையும் வெவ்வேறு வகை. ஒரே அலைவெண்ணில் இயங்கும் கருவியில் ஒன்றைச் சமன்செய்தால் மற்றது தலைதூக்கும். மலிவான கருவி ஈர மணலில் திணறுவதற்கு இதுதான் காரணம், தண்ணீர் உள்ளே புகுந்ததல்ல.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, துடிப்பு முறை. கருவி ஒரு குறுகிய மின்துடிப்பை அனுப்பிவிட்டு, சில மைக்ரோவினாடிகள் காத்திருந்து கேட்கும். உப்புநீரில் எழுந்த மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்தது நீடிக்கும். அருமையான உத்தி, ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்ல அதற்குப் பெரும்பாலும் தெரியாது. நாள் முழுதும் துருப்பிடித்த ஆணி தோண்டப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். மற்றது, ஒரே நேரத்தில் பல அலைவெண்களை அனுப்பி ஒப்பிடும் முறை. உப்பு ஒவ்வோர் அலைவெண்ணுக்கும் வேறு விதமாகப் பதில் தருவதால் அதன் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

என் தேர்வு இரண்டாவதுதான். உதாரணத்துக்கு, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 3 மீட்டர் ஆழம் வரை நீரில் மூழ்கலாம். ஆனால் அது 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவெண்ணில் இயங்குவது. உணர்திறனைக் குறைத்தால் ஈர மணலில் வேலை செய்யும். தேடும் ஆழமும் கூடவே குறையும். மைன்லேப் வான்குவிஷ் வரிசையில் விலை குறைந்த 340இலேயே பல அலைவெண் வசதி உண்டு. அதன் தட்டு மட்டும்தான் நீரைத் தாங்கும், மேலே உள்ள பெட்டி தாங்காது. இருந்தாலும் முட்டளவு நீரைத் தாண்டாத மாணவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். எப்படியும் அலையில் நீந்திக்கொண்டு தேடப்போவதில்லையே!

நண்பரிடம் இரவல் வாங்கிய கருவியோ பழைய கருவியோ கிடைத்தால், சிம்பாங் பூலாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து லுமுட்டில் போய் ஏமாற வேண்டாம். வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். அகலமான இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் மணல் நிரப்புங்கள் (இரும்புக் கைப்பிடி உள்ள வாளி கூடாது, அதுவே கத்த வைக்கும்). ஒன்றில் குழாய்நீர். மற்றதில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்த நீர். இரண்டின் மேலும் தட்டை வீசிப் பாருங்கள். பிறகு 20 சென்னையும் 10 சென்னையும் தனித்தனியே புதைத்துப் பாருங்கள். 2012 முதல் புழக்கத்தில் உள்ள 10 சென் துருப்பிடிக்காத எஃகு, 20 சென் நிக்கல் பித்தளை. இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. ஏன் என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

பங்கோருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெலுக் கெடுங்கில் டச்சுக்காரர்கள் பேராக் ஈயத்தைச் சேமிக்க 1670இல் கட்டிய கோட்டை இருக்கிறது. அதைச் சுற்றி மண்வெட்டியோடு இறங்காதீர்கள். எங்கே தேடினாலும் பழம்பொருள் என்று தோன்றுவது கிடைத்தால், 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். குண்டு போலத் தெரிந்தால் தொடாமல் விலகி 999ஐ அழையுங்கள்.

பணம் போதவில்லையா? பள்ளி அறிவியல் கழகத்தில் பத்துப் பேர் சேர்ந்து பல அலைவெண் கருவி ஒன்றை வாங்கலாம். அதுவும் முடியாதென்றால், கையில் உள்ள மலிவுக் கருவியோடு அலை எட்டாத உலர்ந்த மணலிலேயே தேடுங்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னாலும் மரநிழலிலும் விழுந்த சில்லறையை எடுக்க அது போதும்.