தாடை வலிக்கிறதா? பல்லை ராவச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்!

காலையில் எழுந்ததும் கன்னம் இறுகிப் போயிருக்கும். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். காது வலி என்று மருத்துவரிடம் போனால், "காதில் ஒன்றுமில்லை, பல் மருத்துவரைப் பாருங்கள்" என்பார்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அந்த மூட்டிலோ, மெல்லும் தசைகளிலோ ஏற்படும் வலி, காது வலி போலவும் தலைவலி போலவும் தோன்றும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பதும், மன அழுத்தமும் வலியைக் கூட்டலாம்.

இதற்குச் சில கிளினிக்குகளில் 'நியூரோமஸ்குலர்' பல் சிகிச்சை தரப்படுகிறது. 'டென்ஸ்' கருவியின் மெல்லிய மின்துடிப்பால் தசைகளைத் தளர்த்தி, அப்போது தாடை நிற்கும் நிலைக்கு ஏற்பக் கடியை அமைப்பதே இதன் அடிப்படை. முதலில் கழற்றி மாட்டும் பிளேட் தருவார்கள். அடுத்த கட்டமாகப் பற்களை ராவி கேப் போடவோ, கிளிப் மாட்டவோ சொல்லலாம்.

யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பிளேட் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ராவிய எனாமல் திரும்ப வளராது. நாள்பட்ட தாடை வலிக்கு, கடியை நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைகள் வேண்டாம் என்றே 2023-ல் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல் சொல்கிறது. தாடைப் பயிற்சி, பிசியோதெரபி, மன அழுத்தத்தைக் கையாளும் ஆலோசனை ஆகியவற்றையே அது பரிந்துரைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* சில வாரங்களுக்கு முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். இட்லி, குழைந்த சாதம் போன்ற மென்மையான உணவு போதும்.
* கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.
* சாப்பிடாத நேரத்தில் உதடுகள் மூடியிருக்கட்டும். மேல், கீழ் பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

பல தாடை வலிகள் இதிலேயே குறைந்துவிடும்.

கேப் போடச் சொன்னால் கேளுங்கள்

* இதைப் பிறகு பழையபடி மாற்ற முடியுமா?
* ராவாமல் வேறு வழி உண்டா?
* மொத்தச் செலவு எவ்வளவு?

பதில் தெளிவாக இல்லையென்றால், பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

வாய் பூட்டிக்கொண்டால், முகம் வீங்கினால், மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்காவிட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள். பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தாடை வலியோடு நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பல் மருத்துவரைத் தேட வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.