கோழி நமது, தெரு யாருடையது?



அண்மையில் நமது முஹல்லாவின் ஒரு தெருவுக்கு உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒன்று வந்தது. வீடுகளில் வளர்க்கும் கோழிகளைப் பதினைந்து நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அன்று அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் எழுந்த பேச்சை நாமும் கேட்டோம். “நம்மவர் தெரு என்பதால்தான் இந்தக் கெடுபிடி” என்றார் ஒருவர். “பாட்டன் காலத்திலிருந்து வளர்க்கிறோம், கேட்க இவர்கள் யார்?” என்றார் மற்றொருவர். புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. அதே பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்கும் முதியவர் அவர். அடுத்த வீட்டுக் கோழிகள் தம் வாசலில் எச்சமிடுவதை ஓராண்டாகச் சொல்லிப் பார்த்தார். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் கோழியின் எச்சம் நஜீஸ். தள்ளாத வயதில் ஃபஜ்ருக்குப் புறப்படும் ஒருவர் வாசலிலேயே கால் கழுவித் திரும்ப வேண்டியிருந்தது. யாரும் செவிசாய்க்காதபோது எழுதிக் கொடுத்துவிட்டார்.

அறிவிப்பால் உண்மையில் அடிபட்டவர் வேறொருவர். அதே தெருவில் கணவரை இழந்த சகோதரி ஒருவர் ஆறு கோழிகள் வளர்க்கிறார். பகலில் கொல்லைச் சுவருக்குள் மேய்ச்சல். மஃரிபுக்கு முன் கூடு. முட்டை விற்ற சிறுவாட்டுக் காசுதான் மகளின் நோட்டுப் புத்தகச் செலவு. அவருடைய கோழி ஒன்றுகூடத் தெருவை மிதித்ததில்லை. ஆயினும் தாள் அவர் வீட்டுக் கதவுக்கும் வந்தது. பொறுப்பற்றவர்கள் செய்ததற்குப் பொறுப்புள்ளவர் தண்டனை பெறுகிறார். இதுவே நாம் இன்று பேச வந்த செய்தி. கோழி வளர்ப்பை நம் தெருக்களிலிருந்து ஒழிக்கப்போவது சட்டமன்று, நமது அலட்சியமே.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். வீட்டில் நான்கு கோழி வைத்திருப்பதையே குற்றமென்று நம் மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் (1939) கூறவில்லை. பிறருக்குக் கேடாகும் இடத்திலோ விதத்திலோ விலங்கை வைத்திருப்பதைத்தான் அது தொல்லையென வகைப்படுத்துகிறது. பொதுத் தொல்லையை அகற்றுமாறு உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரமளிப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவாக இருந்தது. கோழியைக் கூண்டில் நெருக்கி அடைப்பதும், காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டு வதைப்பதும், சேவல்களைச் சண்டைக்கு ஏவுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும். இவை அனைத்தும் கேட்பவை இரண்டே கேள்விகள்: எங்கே வைத்தாய்? எப்படி வைத்தாய்?

கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம் அடூரில், பக்கத்து வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுப்பதாக ஒரு முதியவர் முறையிட்டார். வருவாய்க் கோட்ட அதிகாரி 2025இல் நேரில் விசாரித்து, மாடியிலிருந்த கோழிக்கூட்டைப் பதினான்கு நாட்களுக்குள் இடம் மாற்றுமாறு உத்தரவிட்டார். கூட்டின் இடம் மாற வேண்டும் என்பதே அங்கே தீர்வு. பிரான்சின் ஒலெரோன் தீவிலோ, ‘மோரிஸ்’ என்ற சேவலின் கூவலுக்கு எதிராக, அங்கே விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2019இல் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் காக்க 2021இல் அந்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஓரிடத்தில் தொல்லையானது மற்றோரிடத்தில் இயல்பாகிறது. முடுக்கும் சந்துமாய்ச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் நாம் எந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்பதை நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

“சேவலைத் திட்டக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே” என்று சிலர் வாதிடுகின்றனர். உண்மைதான். அது தொழுகைக்கு எழுப்புகிறது என்ற காரணமும் அந்த ஹதீஸிலேயே உண்டு. ஆனால் சேவலைத் திட்டாதே என்பதற்கு, அதன் உரிமையாளரிடம் எதுவுமே கேட்காதே என்று பொருளில்லை. அண்டை வீட்டாரின் உரிமை குறித்து ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வலியுறுத்தியதால், அவர்கள் வாரிசாகவே ஆக்கப்பட்டுவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு நபியவர்கள் உணர்ந்தார்கள் என்பதும் ஹதீஸ்தான். நமக்குச் சாதகமான ஒன்றை உரக்க ஓதி, நம்மைக் கட்டுப்படுத்தும் மற்றொன்றை மென்று விழுங்குவது மார்க்கப் பற்று ஆகாது.

தெருவில் திரியவிடுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. சாக்கடையையும் குப்பைமேட்டையும் கிளறித் தின்னும் கோழியை நாம் பெருமையாக ‘நாட்டுக்கோழி’ என்று அறுத்துப் பரிமாறுகிறோம். அசுத்தத்தையே உணவாகக் கொண்ட பிராணிக்கு ஃபிக்ஹு நூல்கள் ‘ஜல்லாலா’ என்று பெயரிட்டு, அதன் இறைச்சியையும் பாலையும் நபியவர்கள் தடுத்ததைப் பதிவு செய்கின்றன. இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே உண்பார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. இளைஞர்கள் சிலர் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடியதைக் கண்டு கண்டித்தவர்களும் அவர்களே. உண்ணும்போது தூய்மை, உயிரோடிருக்கும்போது கருணை: இரண்டையும் அவர்கள் வாழ்விலிருந்து நாம் கற்கலாம்.

நோயின் கணக்கு தனி. வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழிக்கு வந்தால் தெருவிலுள்ள கோழிகள் எல்லாம் சில நாட்களில் சாயும். அதற்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. போட்டுக்கொள்ள நமக்குத்தான் நேரமில்லை. செத்த கோழியைச் சாக்கடையில் வீசுவதற்கு மட்டும் நேரமிருக்கிறது. பறவைக் காய்ச்சல் உறுதியானாலோ, நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் அழிப்பதே அரசின் நடைமுறை. ஒருவர் மறைத்த நோய்க்கு அந்தச் சகோதரியின் ஆறு கோழிகளும் பலியாகும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அலட்சியம் மிதித்தால் எல்லாக் குஞ்சும் சாகும்.

இத்தனையும் நம்மவரை நோக்கிச் சொன்னோம். மறுபக்கத்தாரையும் விட்டுவிட முடியாது. மூடியில்லாத சாக்கடையை மாதக்கணக்கில் தூர்வாராமல் விட்டுவிட்டு, துர்நாற்றத்தின் பழி முழுவதையும் கோழியின்மேல் சுமத்துவது நீதியன்று. சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்க நிதியில்லை என்பது சாக்காகாது என்று ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. எந்த வீட்டில் கேடு, எந்த வீட்டில் ஒழுங்கு என்று பார்க்காமல் தெரு முழுவதற்கும் ஒரே தாளை ஒட்டுவது நிர்வாகமல்ல. வேலையைச் சுருக்கும் வழி. கிராமப்புறத்தில் ஆதரவற்ற பெண்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கி வாழ்வாதாரம் தேடச் சொல்லும் அதே அரசு, பேரூரின் எல்லைக்குள் வந்ததும் அந்தப் பெண்ணின் கூட்டைத் தூக்கு என்றால், அவர் எங்கே போவார்? கடைக்கோழியை வாரம் இருமுறை உண்டுகொண்டே, பக்கத்து வீட்டுக் கோழியின் கொக்கரிப்பைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களும் சற்றுச் சிந்திக்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. கோழி கொல்லைச் சுவரைத் தாண்டாதிருக்கட்டும், கொல்லையில்லாதவர் வளர்க்காதிருக்கட்டும். இடத்துக்கு ஏற்பவே எண்ணிக்கை இருக்கட்டும். நாள்தோறும் கூட்டைப் பெருக்கி எச்சத்தைக் குழியிலிட்டால் முருங்கைக்கு உரமாகும். சேவல் இல்லாமலும் பெட்டைக்கோழி முட்டையிடும். குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் தேவை. ஒட்டிய வீடுகளுக்கு நடுவே மூன்று சேவல் எதற்கு? இரவில் கூட்டை மூடி இருளாக்குங்கள். அறுத்த கழிவைப் புதையுங்கள். தடுப்பூசி போடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள் திண்ணையில் கோபப்பட்டுக் கலைவதை விட்டு, அந்த முதியவரையும் கோழி வளர்ப்போரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேச வேண்டும். பின்னர் ஒழுங்கான வீடுகளின் பட்டியலோடு அலுவலகத்துக்குச் சென்று, வீடு வீடாகப் பார்வையிட்டு முடிவெடுக்குமாறு எழுத்துமூலம் கோர வேண்டும். தன் தெருவைத் தானே ஒழுங்குபடுத்திய சமூகத்தின் மனுவுக்கு எடை அதிகம். அதைச் செய்யாமல் பாரபட்சம் என்று முழங்குவது, உண்மையிலேயே பாரபட்சம் நேரும் நாளில் நம் சொல்லை மதிப்பிழக்கச் செய்துவிடும்.

பதினைந்து நாள் கெடுவில் இன்னும் சில நாட்களே மீதமுள்ளன. அந்தச் சகோதரி தம் கூட்டை விற்க விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அதை விற்க நேர்ந்தால், அதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் அதிகாரிக்கு முன்பாக நம் பெயர்கள் இருக்கும். அண்டை வீட்டாரின் உரிமையையும், வாயில்லாப் பிராணியின் உரிமையையும், ஏழையின் உரிமையையும் ஒருசேரப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.