ஒரு நாள் துபாயை வைத்து ஒரகடத்தை அளக்காதீர்கள்

ஐரோப்பாவுக்கு வேலையாகப் போகிற ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பொறியாளர்கள் பலர் குடும்பத்தையும் அழைத்துப் போகிறார்கள். வழியில் துபாயில் ஒரு நாள் தங்கல். புர்ஜ் கலீஃபா, துபாய் மால், அந்திசாய்ந்ததும் நீரூற்று, நள்ளிரவில் அடுத்த விமானம். ஊர் திரும்பியதும் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: “பாலைவனத்தையே இருபது வருஷத்துல சொர்க்கமா மாத்திட்டாங்க. அங்க ஒருத்தர் சொன்னா நடக்குது. இங்க எதுக்கெடுத்தாலும் கொடி பிடிச்சா எப்படி உருப்படும்?” அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது கிட்டத்தட்ட வேதவாக்கு. இதை மறுத்தே ஆகவேண்டும். ஏனென்றால் இதில் பழி விழுவது நம் ஊர்த் தொழிலாளர் தலையிலும் விவசாயிகள் தலையிலும்.

இருபது வருஷம் என்பதே தவறு. துபாயின் கழிமுகத்தில் மண்சேர்ந்து கப்பல் நுழைய முடியாமல் இருந்தபோது, ஆட்சியாளர் ஷேக் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கித் தூர்வாரினார். அது 1950களின் கடைசியில். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல்தான், ஏற்றுமதி 1969இல். பிறகு ராஷித் துறைமுகம் 1972, ஜெபல் அலி துறைமுகம் 1979, அங்கேயே வரியில்லா வணிக மண்டலம் 1985. அதற்கும் முன்னால் அது முத்துக்குளிக்கும் ஊர். 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழிலை அடித்துப் போட்டது. 1966 வரை அங்கே புழங்கியது நம் ரூபாய். 1959இலிருந்து வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சடித்தது. தேராவிலிருந்து பர் துபாய்க்கு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் போனால் இந்த வரலாறு கண்ணெதிரே கிடைக்கும். கரையோரம் மரக்கலங்கள் வரிசையாக நிற்க, குளிர்பதனப் பெட்டியும் டயரும் மூட்டைகளும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு நாள் தங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே அரிது. மால் எந்த ஊரிலும் உண்டு. அந்தக் கரை அங்கே மட்டும்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்தது 2010 மார்ச்சில், புர்ஜ் கலீஃபா திறந்து இரண்டு மாதம் கழித்து. ஒரகடத்தில் தயாரான நிசான் கார்கள் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போயின. இருபது, முப்பது ஆண்டுகளில் இவ்வளவு செய்த வட்டாரத்தைப் பார்த்து ‘உருப்படாது’ என்று சொல்ல மனம் வரக்கூடாது.

அடுத்தது, ‘ஒருத்தர் சொன்னா நடக்குது.’ ஜெபல் அலியில் இருந்தது பெரும்பாலும் மணல். இங்கே கார்ப்பரேட் பலகைக்குப் பின்னால் இருப்பது ஏரி, மதகு, நெல்வயல். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டதும் அதற்கு நிலம் கொடுக்கவேண்டிய ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், கிராமசபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். விமான நிலையம் வேண்டுமா என்பது வேறு விவாதம். தன் வயலைக் கேட்கிறபோது ‘முடியாது’ என்று சொல்ல ஒரு மனிதனுக்கு இடமிருப்பதைத் தடங்கல் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். புர்ஜ் கலீஃபாவைக் கட்டிய நிறுவனங்களில் ஒன்று சாம்சங் குழுமத்தைச் சேர்ந்தது. அமீரகத்தில் தொழிற்சங்கத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் இடமில்லை. அதே குழுமத்தின் ஆலை சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் தொடங்கி அங்கே தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது. ஆலை மூடிப் போய்விடவில்லை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் நஞ்சேறி ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போக்குவரத்து நின்றது, எல்லாரும் திட்டினார்கள். பெண் தொழிலாளிகள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஊர் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது.

‘அங்கே மழை பெய்தால் தண்ணீர் நிற்காது’ என்பதும் கேட்டிருக்கிறேன். 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் விமான நிலைய ஓடுபாதையே மூழ்கியது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

துபாயில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. 2009இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ விமான நிலைய வாசலுக்கே வருகிறது. சாலையைக் கடக்க விளக்கும் நேரமும் நடக்கிறவனுக்கென்று இருக்கின்றன. நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்குகிற பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு, கார் ஏற்றிய டிரெய்லர்களுக்கு நடுவே மீடியனைத் தாண்டி ஓடுகிறாள். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோ என்பது இன்னும் திட்ட அறிக்கையில்தான் இருக்கிறது. துபாயைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கொடி பிடிக்கிறவர்களைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நடைபாதையும், நடை மேம்பாலமும், இரவு ஷிப்டுக்கு அரசுப் பேருந்தும் கேளுங்கள்.