நம்பர் கொடுத்தது பில்லுக்கு... பாட் வந்து பேசுறதுக்கு இல்ல!



ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில இருக்கிற எங்க அப்பாயி, தீபாவளிக்கு திருச்சி டவுன்ல ஒரு கடையில புடவை எடுத்தாங்க. பில் போடும்போது "நம்பர் சொல்லுங்கம்மா"ன்னு கேட்டாங்க, சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல ஒரு பாட் பேச ஆரம்பிச்சிடுச்சு. முழுக்க இங்கிலீஷ்!

கடையில இருந்த பொண்ணுதான் பேசுதுன்னு நினைச்சு, "முந்தானையில இழை விட்டிருக்கு கண்ணு, மாத்தித் தருவியா?"ன்னு அப்பாயி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. பதிலா வந்தது அடுத்த ஆஃபர். மூணு நாள் காத்திருந்து, கடைசியில ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி நேர்ல போனாங்க. அஞ்சு நிமிஷத்துல மாத்திக் கொடுத்தாங்க.

தெரிஞ்சுக்க வேண்டியவை:

👉 பில் போட மொபைல் நம்பர் கட்டாயம் இல்லை. வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது.

👉 1909-ல் டிஎன்டி பதிவு செய்தால் விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்தான் நிற்கும். டிராயின் 2018 விதிமுறைகள் வாட்ஸ்அப்பைத் தொடுவதில்லை. ஓட்டை இங்கேதான்.

👉 சம்மதம் வாங்காமல் கடைகள் மெசேஜ் அனுப்பக் கூடாது, பாட் வைத்தால் மனிதரிடம் பேசவும் வழி வைக்க வேண்டும். இது வாட்ஸ்அப்பின் சொந்த விதி. ஆனா யார் பார்க்குறாங்க?

👉 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்பதைத் தமிழிலும் படிக்க வழி தரணும். கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தில் திரும்பப் பெறலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அப்போதிலிருந்து 18 மாத அவகாசமாம்!

பாட்டே வேண்டாம்னு சொல்லல. நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். பார்சல் எங்க இருக்குன்னு நடுராத்திரி கேட்டாலும் பதில் வருது, நல்ல விஷயம். ஆனா பேச்சை ஆரம்பிக்கிறது நாமளா இருக்கணும். ஒன்றிய அரசு அந்த 18 மாதத்தைக் குறைக்கணும், டிராய் விதிக்குள்ள வாட்ஸ்அப்பையும் கொண்டு வரணும்.

கடைசியா, நமக்கும் ஒரு வார்த்தை. உறுப்பினர் சேர்க்கையில வாங்கின நம்பருக்கு தினமும் பத்து ஃபார்வர்டு தட்டுறோமே, அவங்க கேட்டாங்களா? 'வேண்டாம்'னு சொன்னவங்க நம்பரை இன்னைக்கே லிஸ்ட்ல இருந்து எடுங்க தோழர்களே. அப்பதான் கடைக்காரரைக் கேள்வி கேட்கிற தகுதி நமக்கு வரும்.

நம்பர் கொடுக்கலைன்னா பில் இல்லைன்னு சொன்னா 1915-க்குப் புகார் பண்ணுங்க. உங்க வீட்டு அப்பாயிக்கும் சொல்லிக் கொடுங்க.

#என்_நம்பர்_என்_உரிமை