பன்றிக்கறிக்கு ஓவனும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம்

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஹவாய்த் தீவுகளில் விருந்துக்குச் செய்யும் கலுவா பன்றிக்கறியை, ராயபுரத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டுச் சமையலறையில் செய்வதற்கு வேண்டிய எல்லாமே நம்மிடம் இருக்கிறது. கறி, கல்லுப்பு, வாழையிலை, அட, புகைக்கான விறகுகூட இருக்கிறது. குறுக்கே நிற்பது வெட்கம் ஒன்றுதான்.

மட்டன், சிக்கன், காடை, நண்டு என்று எதையும் விட்டுவைக்காத நண்பர்கள், பன்றி என்றதும் "சீ, அதையா?" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். பன்றி சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளோ டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு "மட்டன்டா" என்று பொய் சொல்கிறார்கள். இந்தப் பொய்தான் எனக்கு உறுத்துகிறது. (மத நம்பிக்கையால் பன்றியைத் தொடாதவர்களோடும், சைவ நண்பர்களோடும் எனக்கு வழக்கு இல்லை. மற்ற எல்லாக் கறியையும் சாப்பிட்டுவிட்டு இதை மட்டும் இழிவு என்பவர்களிடம்தான் பேசுகிறேன்.)

அது என்ன கலுவா? ஹவாய் மொழியில் 'லுவா' என்றால் குழி. குழியில் வேகவைத்தது கலுவா. தரையில் பள்ளம் தோண்டி, விறகு எரித்து, எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அதன்மேல் நசுக்கிய வாழைத்தண்டையும் இலைகளையும் பரப்பி, உப்புத் தடவிய முழுப் பன்றியை வைத்து, இன்னும் இலை போட்டு, மண்ணால் மூடிவிடுவார்கள். பல மணி நேரம் கழித்துத் திறந்தால் கறி நார் நாராகப் பிரியும். மிளகாய் இல்லை, மசாலா இல்லை. உப்பு, புகை, நேரம், அவ்வளவுதான் சமையல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த விறகு. அங்கே விரும்பி எரிப்பது 'கியாவே' என்ற மரம். 1828இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹோனலூலுவில் நட்ட மரத்திலிருந்து பரவியது என்பார்கள். அது வேறு யாருமில்லை, நம்ம சீமைக்கருவேலத்தின் பங்காளி! நீதிமன்றம் வரை போய் வெட்டச் சொன்ன அதே முள்மரத்தின் நெருங்கிய சொந்தம். தெருமுனை இஸ்திரி வண்டியில் கனன்றுகொண்டிருக்கும் கரியும் பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரிதான். ஆக, ஹவாய்க்காரர்களின் புகை மணம் நம் தெருவிலேயே இருக்கிறது. நாம் அதில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் :-)

சரி, வீட்டில் எப்படி? ஹவாயிலேயே இன்று எல்லோரும் குழி தோண்டுவதில்லை. ஓவனிலோ மின்சாரப் பானையிலோ வேகவைத்து, பாட்டிலில் வரும் புகைச்சாற்றை நாலு சொட்டு விடுகிறார்கள். நாம் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே செய்யலாம்.

1. கடையில் கேட்கும்போது முன்னங்கால் சப்பை, ஒரு கிலோ, கொழுப்போடு கேளுங்கள். "தம்பி, வறுவலுக்கா குழம்புக்கா?" என்று கேட்டபடியே கத்தியை ஓங்குவார். "அண்ணே, சின்னதா வெட்டாதீங்க, மூணே துண்டா குடுங்க" என்று உடனே சொல்லிவிட வேண்டும். கொழுப்பில்லாத தொடைக்கறி வேண்டாம், பஞ்சு மாதிரி வறண்டுவிடும்.

2. கத்தி முனையால் அங்கங்கே குத்தி, 15 கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தடவி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். இஞ்சி பூண்டு விழுதை நோக்கிக் கை போகும். போகக்கூடாது.

3. வாழையிலையை அனலில் வாட்டி, கறியைச் சுற்றிக் கட்டுங்கள். குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, அடித்தட்டின் மேல் பொட்டலத்தை வையுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் ஒன்றேகால் மணி நேரம். பிரஷர் தானாக அடங்கட்டும். முள்கரண்டியைக் குத்தித் திருகினால் கறி பிரிய வேண்டும். பிரியாவிட்டால் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னும் இருபது நிமிடம்.

4. கறியைப் பிய்த்து, அடியில் தேங்கிய சாற்றில் கொஞ்சம் ஊற்றிப் பிசறுங்கள். நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதில் நன்றாகக் கனன்ற ஒரு கரித்துண்டு, அதன்மேல் ஒரு சொட்டுப் பன்றிக் கொழுப்பு. புகை வந்ததும் பாத்திரத்தை மூடி பத்து நிமிடம். ஜன்னல் திறந்திருக்கட்டும், மூடிய அறையில் கரிப்புகை ஆபத்து.

வடசென்னை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: விறகு இலவசம் என்று எண்ணூர் கழிமுகக் கரையில் போய் மரம் வெட்டி வராதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மண் அது. கரியைக் கடையில் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். சப்பை என்பது நாள் முழுக்க உழைத்த தசை. அதில் கொலாஜன் என்கிற புரதம் கயிறு மாதிரி தசை நார்களைக் கட்டி வைத்திருக்கிறது. எழுபது டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் ஈரச் சூட்டில் இருந்தால்தான் அது கரைந்து ஜெலட்டின் ஆகும். அரை மணியில் இறக்கினால் ரப்பர், பொறுத்திருந்தால் வெண்ணெய். மலிவான துண்டைப் பொறுமை விருந்தாக்குகிறது. மட்டன் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல சமையல் உண்டா?

இனி அந்த "சீ"க்கு வருவோம். முதல் வாதம் எப்போதும் புழு. "பன்றி சாப்பிட்டால் மூளையில் புழு வரும்" என்பார்கள். நோய் உண்மை, காரணம் பாதிதான் உண்மை. சரியாக வேகாத, கட்டியுள்ள கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வரும். ஆனால் மூளையில் கட்டி வந்து வலிப்பு உண்டாவது, அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். முட்டை வருவது புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து, கழுவாத கை, கழுவாத கீரை, கெட்ட தண்ணீர் வழியாக. அதனால்தான் பன்றியைத் தொட்டே பார்க்காத சைவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நீண்ட காலமாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். பன்றிக்கு அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது? நம் மலத்திலிருந்துதான். கழிப்பறை கட்டாமல் விட்டது பன்றியின் குற்றமா? மேலே சொன்ன முறையில் கறியின் உள்சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டிவிடும், எந்தக் கட்டியும் பிழைக்காது. 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும் இதே கதை. நன்றாகச் சமைத்த கறியால் அது பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், பெயருக்காகவே கறியை ஒதுக்கியவர்கள் உண்டு.

இரண்டாவது, "அது அசுத்தத்தில் புரளும்." கடையில் 'வெண்பன்றி' என்று போர்டு போட்டு விற்பது கொட்டிலில் தீவனம் போட்டு வளர்த்தது. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இந்த வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறது. மேலும், அசுத்தத்தைப் பற்றி எங்கள் பகுதிக்காரனிடம் பேசாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, எண்ணூரில் படகும் வலையும் கறுத்துப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதை எந்தப் பன்றியும் செய்யவில்லை.

உண்மையான காரணம் இரண்டும் இல்லை. பன்றி வளர்ப்பைச் சில சாதிகளின் தலையில் கட்டினோம். பிறகு அந்த மனிதர்கள் மேல் வைத்த இழிவைக் கறியின் மேலும் பூசினோம். 'பன்னி' என்பது வசவுச்சொல் ஆனது அப்படித்தான். அதே கறியை நட்சத்திர ஓட்டலில் பேக்கன் என்று தட்டில் வைத்தால் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. ஆகவே நாற்றம் கறியில் இல்லை.

நம் மரபில் இது இல்லை என்றும் சொல்ல முடியாது. சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டுக் கடற்கரைப் பட்டினத்தைச் சொல்லும்போது, நெல் மாவு ஊட்டிக் குழியில் பல நாள் நிறுத்திக் கொழுக்க வைத்த ஆண் பன்றியின் கறியைக் கள்ளோடு விருந்தாகக் கொடுத்ததைச் சொல்கிறது. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய நூல், அதாவது நம் பக்கத்துக் கரை. அங்கே குழியில் சமைத்தார்கள், இங்கே குழியில் வளர்த்தார்கள். பின்னால் போர்த்துக்கீசியர் வழியாக வந்த விந்தாலு, ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் சமையலாகவே நிலைத்துவிட்டது.

ஹவாயிலும் ஒரு காலத்தில் தடை இருந்தது தெரியுமா? அங்கே பெண்கள் பன்றிக்கறி சாப்பிடக்கூடாது, தேங்காய் கூடாது, ஆண்களோடு உட்கார்ந்து உண்ணவும் கூடாது. மீறினால் மரண தண்டனைகூட உண்டு. 1819இல் புது அரசன் லிஹோலிஹோ ஒரு விருந்தில் எழுந்துபோய்ப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அந்த ஒரு சாப்பாட்டோடு அந்தச் சட்டம் முழுக்கச் சரிந்தது. சட்டம் போட்டு அல்ல, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டு உடைத்தார்கள்.

நமக்கு மரண தண்டனை ஒன்றும் இல்லை, நாலு பேர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவே. ஆகவே நண்பர்களே, செய்யுங்கள். சோறு, லேசாக வதக்கிய முட்டைக்கோஸ், மேலே இந்தக் கறி. ஹவாயிலும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பிடிக்காதவர் மேல் திணிக்க வேண்டாம். ஆனால் "என்ன கறி?" என்று யாராவது கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் "பன்றிக்கறி" என்று சொல்லுங்கள்.

பி.கு: மிஞ்சினால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் தோசைக்கல்லில் ஓரம் முறுகும்வரை புரட்டி, பன்னுக்குள் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாக வாதாடும்.