உட்கார வைப்பதுதான் அன்பா?



பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்துபோன உறவினர் ஒருவரைக் காண, அண்மையில் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் உள்ள அவரது வீட்டிற்குச் சென்றிருந்தேன். பணிப்பெண் உணவை ஊட்டினார். மகள் சட்டைப் பொத்தான்களை மாட்டிவிட்டார். பேரன் தண்ணீர்க் குவளையை உதட்டருகே பிடித்தான். அவர் எழ முயன்றபோதோ, "நீங்கள் உட்காருங்கள் அப்பா, நாங்கள் இருக்கிறோம்" என்று மகள் பதறினார். இத்தனை அன்பைக் கண்டும் நான் கவலையோடுதான் வீடு திரும்பினேன்.

எழுதத் தடுமாறும் மாணவனிடமிருந்து எழுதுகோலை வாங்கி நாமே எழுதிக் கொடுத்தால், ஏடு அழகாக இருக்கும். மாணவன் கற்க மாட்டான். இது ஆசிரியர் எவருக்கும் தெரியும். பக்கவாதத்திற்குப் பின் மூளையும் ஒரு மாணவன்தான். சேதமுற்ற பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்ள இயலும். ஆனால், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது கைகூடும். பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மறந்துவிடுகிறது.

அதற்காக நோயாளியை முதல் நாளே விரட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. சிங்கப்பூர் உட்பட 5 நாடுகளில், 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'அவர்ட்' என்னும் ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்திற்குள் மிகுதியாக எழுப்பி நடக்கவைப்பது நன்மையைக் கூட்டவில்லை, குறைக்கவே செய்தது. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் முடிவு செய்யட்டும். அவர்கள் இசைவு தந்த பின்னரும் அமர்த்தியே வைத்திருப்பதுதான் நம் இல்லங்களில் நான் காணும் பிழை.

நம் கல்வி அமைச்சராக 2011 முதல் 2015 வரை பணியாற்றிய திரு. ஹெங் சுவீ கியட்டை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிதியமைச்சராக இருந்தபோது, 2016 மே 12 அன்று அமைச்சரவைக் கூட்டத்திலேயே பக்கவாதத்தால் சரிந்து விழுந்தார். டான் டோக் செங் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பணிக்குத் திரும்பியவர், 2017 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். எல்லாருக்கும் இத்தகைய மீட்சி வாய்க்கும் என்று கூறுவது பொய்யாகும். பக்கவாதம் வந்தாலே வாழ்க்கை முடிந்தது என்று நாமே தீர்ப்பெழுதிவிடக் கூடாது என்பதற்கு மட்டும் இது சான்று.

வெளியே அழைத்துச் செல்லலாமே என்றால், "விழுந்துவிட்டால்?" என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைகளில் கடைக்குக் கடை மட்டம் மாறுகிறது; படிகள் குறுக்கிடுகின்றன; சரக்குகள் வழியை அடைக்கின்றன. தேக்கா ஈரச்சந்தையின் தரை வழுக்கும். ஞாயிறு மாலைக் கூட்டமோ நம்மையே தள்ளிவிடும். ஆகவே, வீவக அடுக்குமாடியின் பொது நடைவழியில் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொடங்கலாம். பழகிய பின், கூட்டமில்லாத வாரநாள் காலையில் கடைத்தெருவிற்குச் செல்லலாம். காய்கறியைப் பொறுக்குவதும் சில்லறையை எண்ணுவதும் கைக்கு நல்ல பயிற்சியே. உடன் செல்பவர் தளர்ந்த பக்கத்தில் நிற்கட்டும். அந்தக் கையைப் பற்றி இழுத்துத் தூக்குவது மட்டும் கூடாது, தோள்மூட்டுக்குக் கேடு.

வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உடற்குறை உள்ளோருக்கும் அதில் விலக்கில்லை. அவ்வளவு இயலாதவர் இயன்றதைச் செய்யலாம். சிறிதளவு அசைவும் சும்மா இருப்பதைவிட மேல். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்வதும் ஒரு தொடக்கமே.

பெற்றோர்களே, தாத்தாவை நாம் நடத்தும் முறையை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் தம் கையால் பொத்தான் மாட்டப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடமும் கைகட்டிக் காத்திருப்பது நமக்குக் கடினம். காத்திருப்போம்.