ஆறு மாசக் கணக்கும் என் இடது முட்டியும்

முட்டி ஜவ்வு அறுந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "எத்தனை மாசம் ஆச்சு?" வீக்கம் இருக்கா, முழுசா நீட்ட முடியுதா, படி இறங்கும்போது கால் நடுங்குதான்னு யாரும் கேக்கறதில்லை. மாசம் தெரிஞ்சா போதும். ஆறு தாண்டிட்டா நீங்க நல்லாயிட்டீங்க, அவ்ளோதான். மாவடு ஊறப்போட்ட ஜாடி மாதிரி, நாள் ஆனா தானா பக்குவத்துக்கு வந்துடும்ங்கற நினைப்பு.

இந்த ஆறு மாசக் கணக்கு ஒரு மோசடி என்பது என் கட்சி. அதுவும் என்னை மாதிரி ஸ்கீயிங் பைத்தியங்களுக்கு இது ஆபத்தான மோசடி. கொஞ்சம் சூடா எழுதப்போறேன், பொறுத்துக்குங்க மக்களே.

பின்னணி சுருக்கமா. இருப்பது கொலராடோவில் டென்வர். வயசு 41. பதினாலு வருஷமா ஸ்கீயிங், சீசனுக்கு முப்பது நாள் மலையில. (ரங்கமணி கணக்குல நாற்பது. அவர் கணக்கு எழுதறதே எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கார்.) போன பிப்ரவரியில இடது முட்டியில ஏ.சி.எல். அறுந்தது, மார்ச் நடுவுல ஆபரேஷன். இப்ப நவம்பர். எட்டு மாசம். நான் இன்னும் ஸ்கீ மாட்டலை. கூட்டாளிங்க அரப்பஹோ பேசின்ல இருந்து படமா அனுப்பித் தள்ளறாங்க. "இன்னுமா வீட்ல உக்காந்திருக்கே?"ன்னு ஒரு கேள்வி, கூடவே ஒரு சிரிப்பான்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம். ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கா கட்டி வெச்சிருக்கிற நார். சுண்டுவிரல் அளவுதான். ஸ்கீயிங்கில் பூட்ஸையும் ஸ்கீயையும் பூட்டி வெக்கிற பைண்டிங்னு ஒண்ணு உண்டு, விழும்போது அது கழண்டுக்கும். இந்தக் கழண்டுக்கிற ஏற்பாடு கீழ்க்கால் எலும்பு முறியறதை ரொம்பவே குறைச்சது. ஆனா ஜவ்வைக் காப்பாத்தணும்னு யோசிச்சு செஞ்ச கருவி இல்லை அது. 1980கள்ல எலும்பு முறிவு குறையக் குறைய ஜவ்வு அறுறது ஏறிக்கிட்டே போச்சு.

வெர்மான்ட்டில் எட்லிங்கர், ஜான்சன், ஷீலின்னு மூணு பேர் வருஷக்கணக்கா ஸ்கீ காயங்களைப் பதிவு பண்ணி, இது எப்படி அறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க வெச்ச பேர் பேய்ப்பாதம். ஸ்கீயோட வால் பகுதி உங்க குதிகாலுக்குப் பின்னாடி இன்னொரு பாதம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். பின்னால சாய்ஞ்சு, இடுப்பு முட்டிக்குக் கீழ போயி, மொத்த எடையும் ஒரே ஸ்கீயின் உள்விளிம்புல விழும்போது அந்த வால் பனியில கடிச்சுக்கிட்டு முட்டியைத் திருகிடும். நீங்க இன்னும் முழுசா விழக்கூட மாட்டீங்க, அதுக்குள்ள உள்ளே டப்புனு ஒரு சத்தம். 1993-94 சீசனில் 20 ஸ்கீ மலைகளின் ரோந்துக்காரங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதை வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்தாங்க. கடுமையான முட்டிக் காயம் 62 சதவீதம் குறைஞ்சுது.

இதை ஏன் சொல்றேன்னா, பின்னால சாய்ஞ்சு உக்கார்ற ஆளு யாரு? தொடை களைச்சுப் போன ஆளு. அப்ப ஆபரேஷனுக்கு அப்புறம் தொடையில பலமே இல்லாம மலைக்குப் போறவர் எந்த நிலையில ஸ்கீ பண்ணுவார்? எந்த நிலையில அறுந்துச்சோ அதே நிலையிலதான். ஆறு மாசம் ஆச்சுன்னு காலண்டர் சொல்லும். தொடைத் தசைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது.

தெரியாதுன்னா நிஜமாவே தெரியாது. முட்டிக்குள்ள வீக்கம் வந்தா மூளை முன்தொடைத் தசைக்குப் போற கரண்டைக் குறைச்சிடுது. காலை நேரா நீட்டி வெச்சுக்கிட்டு "தொடையை இறுக்கு"ன்னு பிசியோ சொன்னப்ப, நான் என் காலையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் நடக்கலை. என் தொடை, என் கட்டளை, ஆனா லைன் அவுட். ரெண்டு வாரத்துல தொடை சுத்தளவு ஒரு இஞ்ச் போயிடுச்சு. அதைத் திரும்ப ஏத்த மாசக்கணக்குல எடை தூக்கணும். நாள் கடந்தா வராது.

உள்ளே மாட்டின புது ஜவ்வு கதை இன்னும் வேடிக்கை. உங்க பின்தொடையில இருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழ இருந்தோ எடுத்த தசைநாண்தான் அது. மாட்டின அன்னிக்கு உறுதியா இருக்கும். அப்புறம் ரத்த ஓட்டம் இல்லாம உள்ளே பாதி செத்து, புது ரத்தக்குழாய் வளர்ந்து, மெல்ல ஜவ்வா மாறும். இந்த மாற்றத்தின் நடுவுல, ஏறக்குறைய ஆறாவது வாரத்துல இருந்து மூணாவது மாசம் வரைக்கும், அது மாட்டின நாளைவிட பலவீனம். முழுசா மாறி முடிய ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். கூத்து என்னன்னா, அந்த மூணாவது மாசத்துலதான் உங்களுக்கு வலி போயி, நடை சரியாகி, "அட, நல்லாயிட்டேனே"ன்னு தோணும்.

நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து செஞ்ச ஒரு ஆய்வு 2016ல வந்தது. ஒன்பதாவது மாசம் வரைக்கும், விளையாட்டுக்குத் திரும்பறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏற்படுற விகிதம் 51 சதவீதம் குறையுது. அதோட, பலப்பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிட்டுத் திரும்பினவங்கள்ல 5.6 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி அடிபட்டது. ஃபெயிலாகியும் திரும்பினவங்கள்ல 38.2 சதவீதம்! சின்னக் கூட்டத்தை வெச்சு செஞ்ச ஆய்வுதான், ஒத்துக்கறேன். ஆனா இவ்ளோ பெரிய வித்தியாசத்தைப் பார்த்துட்டும் "ஆறு மாசம் ஆச்சே"ன்னு ஒருத்தர் பேசினா என்ன சொல்றது?

என்ன பரீட்சை? ரெண்டு காலின் தொடை பலத்தையும் மிஷின்ல அளந்து, அடிபட்ட கால் நல்ல காலில் 90 சதவீதமாவது இருக்கணும். ஒத்தைக்காலில் தாவற பரீட்சை தனி. இதிலும் ஒரு ஓட்டை உண்டு: எட்டு மாசம் ஓய்வுல நல்ல காலும் இளைச்சிருக்கும், இளைச்ச காலோட ஒப்பிட்டு 90 வாங்கறது பெரிய விஷயமில்லை. இங்க வெயில்னு ஒரு ஸ்கீ ஊர் (பேர்தான் வெயில், ஊர் பூரா பனி). அங்க ஸ்கீ ஆளுங்களுக்குன்னே ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க. இடுப்புல ரப்பர் கயிறு கட்டி மூணு நிமிஷம் ஒத்தைக்கால் குந்தல், அப்புறம் பக்கவாட்டுல தாவல். மூணு நிமிஷம்ங்கறது படிக்க சுளுவா இருக்கும். ரெண்டு கால்லயும் ஜவ்வு இருக்கிறவங்க வீட்ல ஒரு நிமிஷம் முயற்சி பண்ணிட்டு வந்து சொல்லுங்க :-)

எட்டாவது மாசத்துல என் இடது தொடை 78 சதவீதம். ஃபெயில்.

இப்ப இன்சூரன்ஸ்காரங்களுக்கு வரேன். நிஜமான கோபம் இங்கதான். பேர் சொல்லலை, எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. ஆபரேஷனுக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல பில். பெருந்தன்மையா கட்டினாங்க. பிசியோவுக்கு? வருஷத்துக்கு 20 தடவை. ஆபரேஷனுக்கு முன்னாடி வீக்கம் குறைக்க நாலு தடவை, அப்புறம் வாரம் ரெண்டுன்னு எட்டு வாரம். கணக்கு முடிஞ்சுது. மே மாசம் நடுவுல, அதாவது உள்ளே இருக்கிற ஜவ்வு இருக்கறதுலயே நோஞ்சானா இருக்கிற நேரத்துல, "உங்க ஒதுக்கீடு தீர்ந்தது"ன்னு கடுதாசி. மேல்முறையீடு பண்ணேன். பதில்: உறுப்பினர் சாதாரணமா நடக்கிறார், அன்றாட வாழ்க்கைக்குத் தடை இல்லை, விளையாட்டு என்பது அவசியத் தேவை ஆகாது.

அடப்பாவிகளா! அன்றாடம் நடக்கத்தான் காசு கொடுப்பீங்கன்னா ஆபரேஷனுக்கே ஏன்யா கொடுத்தீங்க?

நான் விதண்டாவாதம் பண்ணலை. 2010ல ஸ்வீடன்ல இருந்து ஒரு ஆய்வு வந்தது. ஏ.சி.எல். அறுந்த, சுறுசுறுப்பான 121 இளவயசுக்காரங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், கூடவே பிசியோ. மறுபாதிக்கு முதல்ல பிசியோ, தேவைப்பட்டா மட்டும் பிறகு ஆபரேஷன். ரெண்டு வருஷம் கழிச்சு, முட்டி எப்படி இருக்குன்னு அவங்களே போட்ட மதிப்பெண்ணில் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சும், பிசியோவில் ஆரம்பிச்சவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் கத்தியே வெச்சுக்கலை. ஆக நேர்கோட்டுல நடக்க, ஆபீஸ் போக, கறிகாய் வாங்க பல பேருக்கு ஆபரேஷன் தேவைப்படறதில்லை. திரும்பி, திருகி, வெட்டி ஓடற விளையாட்டுக்குப் போகணும்ங்கறவங்களுக்குத்தான் அது முக்கியமா செய்யறது. எனக்கும் அதுக்காகத்தான் செஞ்சாங்க, டாக்டர் விண்ணப்பத்துலயே ஸ்கீயிங்னு எழுதியிருந்தார். அப்ப விளையாட்டுக்காக நாற்பதாயிரம் அவசியம், அந்த நாற்பதாயிரத்தை உபயோகமா ஆக்கற பிசியோ அநாவசியம். வீட்டுக்குக் கூரை போட்டுட்டு சுவர் எழுப்பக் காசு இல்லைன்னு சொல்ற கதை. கைக்காசு போட்டுப் போனா ஒரு தடவைக்கு 140 டாலர். மாசம் ரெண்டு தடவைக்கு மேல எனக்குக் கட்டுப்படி ஆகலை. மிச்சம் கராஜ்ல பழைய எடைக்கட்டியோட தனியா. அந்த 78ல பாதி அந்தக் கராஜ் போட்ட மார்க்கு.

என்னால மாசம் 280 டாலர் முடியுது. என் பிசியோ அறையில பார்த்த ஒரு பையன், ஸ்கீ லிஃப்ட்ல வேலை பார்க்கிறவன், இருபத்திரண்டு வயசு இருக்கும். பன்னிரண்டாவது தடவையோட நின்னுட்டான். நவம்பர்ல மலை திறந்தா அவன் வேலைக்குப் போயாகணும், வேலைன்னா ஸ்கீ மேல நிக்கறது. அவனுக்கு யார் 90 சதவீதம் அளந்து பார்த்தாங்க?

அடுத்து வீரக்கதை பேசற கூட்டம். "சோஃபியா கோஜா 23 நாள்ல வந்தாங்களே!" வந்தாங்க. 2022 ஜனவரி 23 கோர்ட்டினாவில் விழுந்து, பிப்ரவரி 15 பெய்ஜிங் ஒலிம்பிக் டவுன்ஹில்லில் வெள்ளி வாங்கினாங்க. நானும் எழுந்து நின்னு கைதட்டினேன். ஆனா அது பாதி கிழிசல், ஜவ்வு மாத்தற ஆபரேஷனே இல்லை. அதோட நாள் முழுக்க முட்டியைப் பார்த்துக்க ஒரு குழுவே உண்டு. இதே கூட்டம் லிண்ட்சே வான் கதையைச் சொல்றதில்லை பாருங்க. 2013 பிப்ரவரியில ஷ்லாட்மிங்கில் ஏ.சி.எல். அறுந்து ஆபரேஷன். ஒன்பது மாசம் கழிச்சு, நவம்பர்ல, நம்ம கொலராடோ காப்பர் மவுண்டனில் பயிற்சியில விழுந்து அதே ஜவ்வு பாதி கிழிஞ்சது. 2014 சோச்சி ஒலிம்பிக் போச்சு. உலகத்துலயே நல்ல டாக்டருங்க பார்த்த முட்டி அது.

கடைசியா நம்ம சொந்தபந்தம். "நாற்பது வயசுல பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? பேசாம வாக்கிங் போ" என்பது சித்தியின் தீர்ப்பு. மாமா ஒருபடி மேல போயி, ஸ்கீயை வித்துட்டியான்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாட்ஸப்பில் கேக்கறார். அன்புதான், புரியுது. ஆனா அவர் அறுபது வயசுல ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு மாடிப்படி ஏற முடியாம இருக்கார், வாழ்க்கையில ஒரு தடவை பனியைத் தொட்டதில்லை. ஜவ்வு அறுந்த முட்டிக்கு, ஆபரேஷன் செஞ்சாலும் செய்யாட்டியும், தேய்மானம் வர்ற வாய்ப்பு கூடுதல். அதுக்கு நான் சும்மா உக்காந்திருக்கறது மருந்தாகுமா? தொடையில பலம் ஏத்தறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும். "வாக்கிங் போ"ன்னு சொன்னா கராஜ் குளிர்ல காலை அஞ்சரை மணிக்கு நான் எழுந்திரிக்க மாட்டேன். மலைக்குப் போகலாம்னா எழுந்திரிப்பேன். போங்கன்னு துரத்தற கூட்டாளியும் சரி, போகவே போகாதேங்கற சித்தியும் சரி, ரெண்டு பேருமே என் தொடையை அளந்து பார்க்கலை.

கூட்டாளிங்களுக்கு இன்னொண்ணு. நவம்பர் மலையை நீங்க பார்க்கறீங்கதானே? மிஷின் போட்ட பனியில ஒரே ஒரு பட்டை, அதுல டென்வரே இறங்குது, சாயங்காலம் ஆனா கண்ணாடி மாதிரி ஐஸ். பின்னாடி இருந்து எவனோ வந்து மோதறதுக்கு ஏத்த இடம். சீசனே ஆறேழு மாசம் இருக்கு. நல்ல பனி விழறது பிப்ரவரி, மார்ச்ல. படம் அனுப்பறதை நிறுத்த வேண்டாம், பார்க்கறேன்.

ஜனவரி ஒண்ணாம் தேதி இன்சூரன்ஸ் கணக்கு புதுசா ஆரம்பிக்குது, மறுபடி 20 தடவை. என் முட்டிக்கு அன்னிக்குத்தான் தைப்பொங்கல். அந்த வாரமே பிசியோவுக்கு நேரம் வாங்கியாச்சு, மாசக் கடைசியில மறுபரீட்சை. மேல்முறையீட்டு நகலை மாநில இன்சூரன்ஸ் துறைக்கும் அனுப்பியிருக்கேன், பதில் வந்தா எழுதறேன்.

பி.கு: பிரேஸ் போடணுமான்னு கேட்டிருந்த நண்பருக்கு. ஜவ்வு மாத்திக்கிட்ட ஸ்கீ மலை ஊழியர்கள் 820 பேரைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2006ல வந்தது. பிரேஸ் போடாதவங்களுக்கு மறுபடி முட்டி அடிபடற வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு. நான் வாங்கிட்டேன். கறுப்பு, ரொம்ப அசிங்கமா இருக்கு, பேன்ட்டுக்கு உள்ள நுழைய மாட்டேங்குது. ஒரு சைஸ் பெரிய ஸ்கீ பேன்ட் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.